வேறொரு வாசகர்

6 ஜனவரி 2025, திங்கள்

பள்ளி அலுவலகத்தில் ஆதார் நகல்களை வகுப்புவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்போனில் செய்தி வந்தது. 'அன்புள்ள இளமதி, தாங்கள் எடுத்துள்ள நூலைத் திருப்ப வேண்டிய நாள் நெருங்குகிறது. பல்கலைக்கழக நூலகம்.'

நான் பெற்ற பிள்ளை இளமதி ஐப்பசியிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

பாசன ஆராய்ச்சி என்று கண்மாய் கண்மாயாக அலைவாள். அங்கெல்லாம் சிக்னல் கிடைக்காது. அதனால் நூலகத்தில் என் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள். "அம்மா, புத்தகத்தப் புதுப்பிச்சு விட்ரும்மா" என்பாள். இணையதளத்துக்குள் போவது, அவள் கடவுச்சொல்லைப் போடுவது, 'புதுப்பி' என்பதை அழுத்துவது எல்லாம் எனக்குப் பழகிய வேலை. இன்றும் அழுத்தினேன். புதுப்பிக்கப்பட்டது என்று வந்தது. வேறு யாரும் கேட்காதவரை வைத்துக்கொள்ளலாமாம்.

பிறகு ஏழாம் வகுப்பு நகல்களை எடுத்தேன்.

7 ஜனவரி

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நானும் இவரும் அதையே சாப்பிட்டோம்.

14 ஜனவரி, பொங்கல்

நமக்கு இந்த வருடம் இல்லை. எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் ஒரு தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அடைக்கலம் அண்ணன் எங்க, நல்ல நாளும் அதுவுமா?" என்று கேட்டாள். இவர் பஸ் டியூட்டிக்குப் போய்விட்டார். மற்ற டிரைவர்கள் லீவு கேட்பார்கள், நான் ஓட்டுகிறேன் என்று தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஸ்டீயரிங்கைப் பிடிப்பது மேல் என்று நினைத்திருப்பார். தப்பில்லை. எனக்கும் அப்படித்தான்.

பொங்கலில் முந்திரி நிறையப் போட்டிருந்தாள்.

23 ஜனவரி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பள்ளியிலிருந்து வந்தபோது பீரோ திறந்திருந்தது. இவர் கட்டிலில் உட்கார்ந்து அந்த நூலகப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். கண்மாய் மடைகளைப் பற்றிய தடிப் புத்தகம். அவள் போன மறுவாரமே அதற்கு நான் காக்கி அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, இளமதி என்று எழுதி வைத்தேன். நூலகப் புத்தகத்துக்கு யாராவது பெயர் எழுதி ஒட்டுவார்களா? பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற கை, சும்மா இருக்கத் தெரியாமல் செய்தது.

எனக்கு என்ன வந்ததோ. "தொடாதீங்க. அவ இருந்தப்ப ஒரு நாளாச்சும் என்ன படிக்கிறன்னு கேட்டிருப்பீங்களா?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் எழுந்து, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். மடக்கியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் பீரோவைப் பூட்டி சாவியைத் தாலிக்கயிற்றோடு கோத்துக்கொண்டேன்.

கத்தியதற்கு வருத்தமா? இல்லை. சந்தோஷமா? அதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை.

6 பிப்ரவரி

செய்தி வந்தது. புதுப்பித்தேன்.

சும்மா இருக்க முடியாமல் தளத்தை மேய்ந்தேன். என்னென்னவோ இருக்கிறது. வீட்டிலிருந்தே ஆய்விதழ் படிக்கலாமாம். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர், பழைய நாளிதழ்கள், வெளியாட்களுக்கு உறுப்பினர் அட்டை. கல்யாண மண்டபத்துக்காரன் கூட இத்தனை வசதி சொல்லமாட்டான். ஓரத்தில் ஒரு கட்டம்: 'நூலகரைக் கேளுங்கள்'. என்ன வேண்டுமானாலும் கேட்கலாமாம்.

'என் மகள்' என்று தட்டினேன். அதற்கு மேல் என்ன கேட்பது? அழித்துவிட்டேன்.

28 பிப்ரவரி

பொதுத்தேர்வு நுழைவுச்சீட்டு வேலை. கை மரத்துப்போகும்வரை முத்திரை குத்திக் கையெழுத்து வாங்கினேன். நல்லதாகப் போயிற்று.

6 மார்ச்

புதுப்பிக்க முடியவில்லை.

'இந்நூலை வேறொரு வாசகர் முன்பதிவு செய்துள்ளார். தயவுசெய்து உரிய நாளில் திருப்பவும்.'

வெளியே வந்து மறுபடி உள்ளே போய் அழுத்தினேன். அதே பதில். செல்போனை அணைத்துப் போட்டும் பார்த்தேன். யார் அந்த வேறொரு வாசகர்? ஊரில் இருக்கிற அத்தனை புத்தகத்தையும் விட்டுட்டு இதுதான் வேணுமா? எம்பிள்ள பேர்ல இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் புடுங்கிக்கிட்டா அப்புறம் யாரு அவளுக்கு அன்புள்ள இளமதின்னு எழுதுவா?

தர மாட்டேன்.

10 மார்ச்

நூலகத்திலிருந்து போன். இசைவாணி என்று பெயர் சொன்னாள். குரலைக் கேட்டால் நாற்பதைத் தாண்டாது. இளமதியைக் கேட்கவில்லை. "இளமதி அம்மாங்களா?" என்று நேராக என்னைத்தான் கேட்டாள். விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இவ்வளவு நாள் கணக்கை முடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள்.

புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவள் கோபப்படவில்லை. தொலைந்தால் வேறு பிரதி வாங்கித் தர வேண்டும், ஆனால் இது இப்போது அச்சில் இல்லை, நூலகத்திலும் இந்த ஒரு பிரதிதான் என்றாள். கேட்டவர் யார் என்று கேட்டேன். வாசகர் பெயரை வெளியே சொல்வது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டாள்.

"நல்லாத் தேடிப் பாருங்கம்மா. கேட்டவங்க ரெண்டு தடவ நேர்லயே வந்துட்டுப் போயிட்டாங்க."

தேடிப் பாருங்கள் என்றால், உன்னை நம்பவில்லை என்று மரியாதையாகச் சொல்வது. நானும் அலுவலகத்தில் இதைப் பலரிடம் சொன்னவள்தான்.

13 மார்ச்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு நடுவில் திடீரென்று ஞாபகம் வந்தது. ஒருமுறை இளமதியும் ஒரு புத்தகத்துக்கு இப்படிப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தாள். யாரோ ஒரு பேராசிரியர் வீட்டில் இருந்ததாம், திருப்பித் தரவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே திட்டினாள். "அந்த மனுசன் படிக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. கோழி மாதிரி மேல உக்காந்து அடைகாக்குறாரும்மா." நான் சிரித்தேன். எனக்குப் புரையேறியது.

இப்போது நான்தான் கோழி.

எந்த வீட்டுப் பிள்ளையோ, அந்த வேறொரு வாசகர். இரண்டு தடவை பஸ் ஏறி வந்து வெறும் கையோடு போயிருக்கிறது. அதுவும் தன் அம்மாவிடம் சோற்றைப் பிசைந்துகொண்டு என்னைத் திட்டுகிறதோ என்னவோ.

22 மார்ச், சனி

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் வேறு பஸ் மாறிப் போனேன். நூலகத்தில் எல்லோரும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிறார்கள். படிப்பறையில் பிள்ளைகள் தலை நிமிராமல் இருந்தன. ஒரு பெண் கொண்டை போட்டிருந்த விதம் நம்மவளைப் போலவே இருந்தது. ஒரு தடவை பார்த்ததோடு சரி, அங்கிட்டுத் திரும்பவில்லை.

இசைவாணி எதிர்பார்த்ததைவிடச் சின்னவள். கிடைத்துவிட்டதா என்றாள். கிடைத்துவிட்டது என்றேன். இருவரும் அதோடு விட்டோம். காக்கி அட்டையை எடுக்கட்டுமா என்று கேட்டாள். அட்டை இருக்கட்டும், புத்தகத்துக்கு நல்லது என்றேன். பெயர்ச்சீட்டை மட்டும் நானே நகத்தால் உரித்தேன். முழுதாக வரவில்லை.

கருவியில் புத்தகத்தை வைத்தாள். அங்கே நிற்கும்போதே என் பைக்குள் செல்போன் அதிர்ந்தது. 'அன்புள்ள இளமதி, நூல் பெறப்பட்டது. தங்கள் கணக்கில் தற்போது நூல் ஏதும் இல்லை. நன்றி.'

"கணக்க முடிச்சுறலாங்களாம்மா?" என்று கேட்டாள். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

முடித்துவிடுங்கள் என்றேன்.

திரும்பி வரும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது.

23 மார்ச்

பீரோவைத் திறந்து வைத்துவிட்டேன். பூட்ட ஒன்றுமில்லை.

11 ஏப்ரல்

செய்தி எதுவும் வருவதில்லை. வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் மட்டும் வருகிறார்கள்.

இவர் புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க. வண்டி ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் பார்க்கக் கண்ணாடி எதற்கு? கேட்கவில்லை. நாங்கள் எதையும் கேட்டுக்கொள்வதில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

காலையில் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவருக்கு வார ஓய்வு. அடுப்படி வாசலில் வந்து நின்றார். பிறகு செல்போனை என்னிடம் நீட்டினார்.

"இத எப்புடி நீட்டிக்கிறதுன்னு ஒனக்குத் தெரியுமுல்ல?"

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். 'அன்புள்ள அடைக்கலம், தாங்கள் எடுத்துள்ள நூலைத் திருப்ப வேண்டிய நாள் நெருங்குகிறது.' கீழே புத்தகத்தின் பெயர். அந்தப் புத்தகம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஜனவரியில் ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் துக்கம் கேட்டிருக்கிறார், மகள் என்ன படித்தாள் என்று கேட்டிருக்கிறார்.

"ஏதோ கண்மாயப் பத்தின்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல, கமலம். பெத்தவன் நான்."

அதனால்தான் அன்றைக்கு பீரோவைத் திறந்திருக்கிறார். நான் கத்திய பிறகு, பிப்ரவரிக் கடைசியில், நூலகத்தில் எப்படியும் இன்னொரு பிரதி இருக்கும் என்று நினைத்து அங்கே போயிருக்கிறார். உறுப்பினர் அட்டை போட்டு, பதிந்துவிட்டு, இரண்டு தடவை போய் விசாரித்திருக்கிறார். இருப்பதே ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இசைவாணிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். விலாசம் ஒன்றுதானே. வாயைத் திறக்கவில்லை பார்.

"கையில வாங்குறப்பத்தான் தெரிஞ்சுச்சு, நம்ம வீட்டுதுன்னு. காக்கி அட்ட. ஒங்கிட்டருந்து வாங்கிட்டேனேன்னு இருந்துச்சு. திருப்பிக் குடுக்கவும் மனசில்ல, ஒங்கிட்டச் சொல்லவும் வாயில்ல."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல" என்று வந்தது வாயில். சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில் படுத்துக்கொண்டு, ஒரு புத்தகத்துக்காகப் பல்கலைக்கழகம் வரைக்கும் போய்வந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகிவிட்டது. ஐப்பசிக்குப் பிறகு இன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழுதேன். அவர் என் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து ஓரமாக வைத்தார்.

எங்கே வைத்துப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். திருமயத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில், டிரைவர் சீட்டிலேயே. இந்தக் கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்து தெரியவில்லையாம்.

புதுப்பிப்பது எப்படி என்று காட்டினேன். வேறு யாரும் கேட்கவில்லை. புதுப்பிக்கப்பட்டது என்று வந்தது.

அவர் போகவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"கண்மாய்க்குள்ள நட்டு வச்ச மாதிரி ரெண்டு கல்லு நிக்குமே, பாத்திருக்கியா? அதுக்கு நடுவுலதான் குமிழிங்கிற மடை. அது எதுக்குன்னு தெரியுமா?"

கல்லைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாது. அவள் சொல்ல வந்த நாட்களில் எனக்கு ஏதாவது ஒரு வேலை இருந்திருக்கும்.

"தெரியாது. சொல்லுங்க" என்றேன்.