கியூவில் நின்றவனின் கை மைக்

நேற்றுக் காலை பரணிலிருந்து உன் கை மைக்கை இறக்கினேன். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. துருவும் பழைய ரப்பரும் கலந்த நெடி. போராட்டச் சாமானெல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உன் மனைவி சொல்லிவிட்டதால், என் அபிராமபுரம் ஃப்ளாட்டுக்கு அடைக்கலம் வந்தது அது. நீ கண்ணை மூடிய பிறகும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

இப்போது இறக்கியதற்குக் காரணம் உன் பேத்தி. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். முந்தாநாள் என் வீட்டில் ஒரு பழைய போட்டோவில் நீ இந்த மைக்கோடு நிற்பதைப் பார்த்தாள். எங்கே, எதற்கு என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. "தாத்தாவுக்கு எங்க நாட்டைப் பிடிக்காதா?" என்று கேட்டாள். நாளைக்கு வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டால் அவள் மனசில் நீ விரோதியாகிவிடுவாயே என்று பயம்.

தி.நகர் பேங்கில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து கவுன்டர். டிபன் டப்பாவைத் திறந்தால் உலக அரசியல்தான். ஒரு வல்லரசு முன்னால் நடந்தால் மற்ற நாடுகள் விரும்பித்தான் பின்னால் போகின்றன, கப்பல் பயமில்லாமல் ஓடுகிறது, வியாபாரம் நடக்கிறது, யாருக்கு என்ன கஷ்டம் என்பேன் நான். "பின்னால போறவங்களை யாரு கேட்டது நைனா?" என்பாய் நீ. வேறு வழியில்லாமல் தலையாட்டுவதற்கும் மனசார ஒத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் தெரியாத ஆள் என்று என்னைத் திட்டுவாய். அமெரிக்கா போர் தொடுத்தபோது அதன் துணைத் தூதரக வாசலில் இந்த மைக்கைப் பிடித்துத் தொண்டை கட்டும்வரை கத்தினாய்.

பிறகு பேத்தி பிறந்தாள். அதே வாசலில், இஸ்திரி போட்ட சட்டையும் பிளாஸ்டிக் ஃபைலுமாக விசா கியூவில் நின்றாய். துணைக்கு வந்த நான் சும்மா இருப்பேனா? இப்போது நீயே விரும்பி வந்துதானே நிற்கிறாய் என்று சீண்டினேன்.

"கியூல நிக்கிறது வேற, ஒத்துக்கிறது வேற நைனா. அந்தாண்ட என் பேத்தி கீது. அதான் நிக்கிறேன்."

அமெரிக்கா போய்த் திரும்பி வந்ததும் அங்கே எதிர்வீட்டில் இருந்த அம்மாளைப் பற்றித்தான் பேச்சு. பனியில் வழுக்கி விழுந்த உன்னைத் தூக்கி உட்காரவைத்து, குணமாகும்வரை சூப் கொண்டுவந்து கொடுத்தாளாமே. "தூக்கட்டுமான்னு முதல்ல கேட்டுது நைனா அந்தம்மா. அந்த நாடும் அப்படிக் கேட்டா உலகமே கூட வரும்" என்றாய்.

நேற்று சாயங்காலம் இதையெல்லாம் அப்படியே உன் பேத்தியிடம் சொன்னேன். கோஷத்தையும் மறைக்கவில்லை, கியூவையும் மறைக்கவில்லை. அவள் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, தன் காலேஜிலும் போர் வேண்டாம் என்று ஊர்வலம் போனதாகவும், தானும் அதில் நடந்ததாகவும், அப்பாவிடம் சொல்லவில்லை என்றும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் கட்சிக்கு அந்த ஊரிலேயே, அதுவும் உன் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

கிளம்பும்போது, "இதை நான் எடுத்துக்கலாமா தாத்தா?" என்றாள். அவளுக்கு இல்லாத உரிமையா? ஆனாலும் கேட்டாள்.

மைக் அவளோடு போய்விட்டது. 'யாரு கேட்டது' என்ற உன் கேள்வி என்னிடம் இருக்கிறது. எங்கள் ஃப்ளாட் சங்கத்துக்கு இப்போது நான்தான் தலைவர். தண்ணீர் மோட்டார் மாற்றுவதற்குக்கூட ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்கிறேன். சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் கூட வருகிறார்கள்.