ஆஸ்பத்திரிக்குக் கிட்டவான கூடாரங்கள்

நேற்று இங்கே இத்தாலியில், பாலெர்மோவில் சிரோக்கோ அடித்தது. கடலுக்கு அப்பால் ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று போகும்போது செம்மண் தூசியை விட்டுவிட்டுப் போகும். கால்சாப் பகுதியில் நான் வீட்டு வேலை செய்யும் சின்யோரா அம்மாவின் பல்கனியை இன்று காலை முழுவதும் துடைத்தேன். மூன்று வாளித் தண்ணீர் சிவந்தது. "இஞ்சை பாலைவனத்துக்கு உள்ளுக்கை போனா அக்கா, சப்பாத்து, சட்டை, சாப்பாடு எல்லாம் சிவப்புத்தான்" என்று அடிலெய்டிலிருந்து நீ சொன்னது நினைவுக்கு வந்தது. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாதாம். எனக்கு அழுகை வரவில்லை, தம்பி. கோபம்தான் வந்தது.

பிரான்காச்சோ வீட்டில் எங்களோடு ஆறு வருடம் இருந்தவன் நீ. வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு மீன் மணத்தோடு வந்து என் மகளைத் தூக்கப் பார்ப்பாய். முதலில் கையைக் கழுவு என்று விரட்டுவேன். பிறகு கலியாணம், அவுஸ்திரேலியா, உனக்கும் இரண்டு பிள்ளைகள். எட்டு வருடம் உன்னைக் கைபேசியில் மட்டுமே பார்த்தேன். ஒருநாள் நீயாகத்தான் அந்தக் கதையை எடுத்தாய். இங்கே பள்ளிக்கூட விடுமுறை வரும்போது அங்கே குளிர்காலம், பாலைவனப் பக்கம் போக நல்ல காலம், இரண்டு குடும்பமும் ஒரே வான் வண்டியில் அடிலெய்டிலிருந்து வடக்கே போவோம், வழியெல்லாம் கூடாரம் அடிப்போம் என்றாய்.

மன்னாரிலிருந்து அம்மா கேட்டார்: "காசு குடுத்துக் கூடாரத்திலை படுக்கப் போறியளோ? கிடந்தது காணாதோ?"

நாங்கள் இருவரும் சின்ன வயதில் இடம்பெயர்ந்து எத்தனை மாதம் கூடாரத்தில் கிடந்தோம் என்பது அம்மாவுக்குத் தெரியும். "அதுக்குத்தான் அம்மா. என்ரை பிள்ளையள் கூடாரம் எண்டா விளையாட்டெண்டு நினைக்கோணும்" என்றாய்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீ கூப்பிடுவாய். நீ ஒரு இடம் சொல்ல, நான் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது அங்கே தங்கியவர்கள் எழுதியதை வாசிப்பேன். கிழமையில் ஆறு நாள் ஊர்ச் சனத்தின் கழிப்பறையைக் கழுவுகிறவள் நான், விடுமுறையிலும் அழுக்குக் கழிப்பறைக்குப் போகமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கழிப்பறை கூடாரத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், ஆனால் மணக்கக் கூடாது. தெருவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் வேலி வேண்டும். குடிக்கிற தண்ணீர் வேண்டும். இருட்டினால் ஜெனரேட்டர் போடக் கூடாது. ஆற்றங்கரை இடம் ஒன்றை நீ ஆசையாகக் காட்டினாய், சின்னவன் விழுவான் என்று வெட்டினேன். வேலி இல்லாத இன்னொன்றையும் வெட்டினேன். "அக்கா, உங்களுக்குப் பாலைவனத்துக்கை ஒரு ஹோட்டல்தான் சரி" என்று சிரித்தாய். என் மகள் இடையில் புகுந்து, "ஸீயோ மாமா, கங்கூரோ டெண்டுக்குள்ளை வருமே?" என்று கேட்பாள். "பாஸ்தா வைச்சா வரும்" என்பாய். கூபர் பீடி என்ற ஊரில் நிலத்துக்குக் கீழே கூடாரம் அடிக்கிற இடம் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் ஒருவரும் குறை சொல்லவில்லை.

தொடக்கத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகத்தான் தேடினாய். மாசி மாதத்துக்குப் பிறகு உன் தேர்வு மாறியது. மின்சாரம் உள்ள இடமாகக் கேட்டாய், குளிர்ப்பெட்டி ஓடவேண்டுமாம். ஒவ்வொரு இடத்துக்கும் கிட்ட ஆஸ்பத்திரி உள்ள ஊர் எது என்று பார்த்தாய். நான் உன்னைப் பகிடி பண்ணினேன். "என்னடா, பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு போற மாதிரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடுறாய்" என்றேன். நீ சிரித்தாய். குளிர்ப்பெட்டி உன் ஊசி மருந்துக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ஞாயிறு, "அக்கா, இந்த வருசமே எப்பிடியும் போவம்" என்றாய். இங்கே வசிக்கும் அனுமதி அட்டையான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். என் கையில் இருந்தது வெறும் ரசீது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் கூப்பிட்டு அட்டையைத் தரும்வரை நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வருவது சிக்கல். "பொறு, அடுத்த வருசம் போவம். பாலைவனம் எங்கையும் ஓடாது" என்றேன். "ஓம் அக்கா" என்றாய்.

வைகாசியில் எங்கள் தமிழ்ப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசித்தார்கள். வெளிநாட்டில் கடும் நோயில் இருக்கும் ஒரு சகோதரருக்காக என்று வாசித்தபோது, கோயில் முழுக்க ஒரே குரலாக, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. நானும் சொன்னேன். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரிந்திருந்தது.

பெர்மெஸ்ஸோ ஒரு வியாழக்கிழமை கையில் வந்தது. உனக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். நீ பார்க்கவில்லை. பின்னேரம் எங்கள் கோயில் பங்கிலிருந்து நான்கு பெண்கள் சோற்றுச் சட்டியோடு என் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் சமைத்துக்கொண்டு வந்தால் அது எதற்கென்று எனக்குத் தெரியும். செத்தது ஆர் என்று மட்டும் கேட்டேன். நீ செவ்வாய்க்கிழமையே போய்விட்டாயாம். ஈரலில் புற்றுநோயாம்.

"எங்களுக்கு ரெண்டு மாசமாத் தெரியும் அக்கா. உங்கடை பேப்பர் முடியட்டும், அதுக்குப் பிறகு தான் சொல்லுறன் எண்டு தம்பிதான் சொன்னவர்" என்றாள் அவர்களில் இளையவள். சொன்னால் நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று பயந்தாயாம்.

ஓடித்தான் வந்திருப்பேன். ரசீதோடு வந்திருப்பேன். திரும்ப விடாவிட்டால் விடாமல் இருக்கட்டும். பாலெர்மோவில் கழுவ வேறு கைகள் இல்லையா? அதைத் தீர்மானிக்க நீ யார்? தூரத்தில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, தனியாக இருந்து தாங்கமாட்டார்கள் என்று நம்மவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அன்பு என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். அந்த அன்பு என்னை உன் கட்டிலருகே ஒரு நாள்கூட இருக்கவிடவில்லை. நீ வலியோடு படுத்திருந்தபோது நான் கழிப்பறை மணக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

இப்போது கேள். அம்மாவுக்கு நீ போனது தெரியாது. இதயம் தாங்காது, இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று உன் மனைவி போனில் என் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். நான் அவளைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அந்த ஞாயிறே அம்மா எடுத்தார். "தம்பி ஏன் எடுக்கிறானில்லை?" என்று கேட்டார். என் வாயில் வந்தது ஒரே ஒரு பதில். நீ மனைவி பிள்ளைகளோடு பாலைவனத்துக்குப் பயணம் வெளிக்கிட்டுவிட்டாய், அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்கிறார், "இப்ப எங்கை நிக்கிறான்?"

நாம் தெரிவுசெய்த ஒழுங்கிலேயே ஒவ்வொரு இடமாகச் சொல்கிறேன். மரநிழல் இருக்கிறது, வேலி இருக்கிறது, நல்ல தண்ணீர் வருகிறது, கழிப்பறை கிட்ட இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்கிறேன். போன கிழமை கூபர் பீடி. நிலத்துக்குக் கீழே படுக்கிறார்கள் என்றதும் அம்மா சிரித்தார்.

"கிட்ட ஆஸ்பத்திரி இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, இருக்கு" என்றேன்.

பட்டியலில் இன்னும் இரண்டு இடங்கள்தான் மிச்சம், தம்பி.