தூக்கிய கால்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. “நம்ம பள்ளிக்கூடத்துல நீங்க பார்த்த ஒரு அநியாயத்தை வரைங்க” என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். ஒரு வாயாடி எங்கள் ஓவிய அறையையே வரைந்துவிட்டாள். என் மேஜைக்கடியில் ஆயாம்மா குனிந்து பெருக்குகிறார். நான் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு போனைப் பார்க்கிறேன்.

“ஆயாம்மாவுக்கு ஏன் முகமே வரையல?” என்றேன்.

“நீங்க பார்க்கவே இல்லையே மிஸ்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆபீசில் நீ பெருக்கும்போது எல்லோரும் காலைத் தூக்குவதை வீட்டில் நடித்துக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாயே, இப்போது அந்தக் கால்கள் என்னுடையவை அம்மா.

மறுநாள் ஆயாம்மா பெருக்க வந்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்தினேன். பதறிப்போய், “நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா மிஸ்?” என்று கேட்டார்.

நீ முட்டிக்குத் தடவும் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு; எனக்கில்லை, அவருக்கு. கூடவே உன் போட்டோ ஒன்றும் வை. முகம் நன்றாகத் தெரியவேண்டும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்