அரை வாழைப்பழத்துக்கு ஒரு கொய்யா

மதினி,

இன்று காலை விளாங்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துத் தள்ளுவண்டியில் கொய்யா மணத்தது. ஒன்றைக் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டேன். "பழம் நல்லாத்தானம்மா இருக்கு?" என்று வண்டிக்காரர் மிரண்டுபோனார். உங்களை நினைத்துச் சிரித்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகாத காலம். அண்ணன் வீட்டில் நாம் ஒன்றாக இருந்தோம். தொப்புளருகே குடல் பிதுங்கி, குனிய முடியாமல் தவித்தீர்கள். "இந்த எடையோட மயக்க மருந்து குடுத்தா ஆபத்தும்மா. கொறச்சுட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணலாம்" என்றுவிட்டார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். வீம்பாகச் சோற்றையே விட்டீர்கள். கொஞ்ச நாளில் குழாயடியில் மயங்கிச் சாய்ந்தீர்கள். தாங்கிப் பிடிக்க வந்த நானும் சேர்ந்தே விழுந்தேன். அண்ணன் இருவரையும் தூக்கிவிட்டு, அன்றைக்கே மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் சிஸ்டர், "பட்டினி கிடக்காதீங்க" என்றார். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் ஒரு வகை. பழங்கள் ஒரு வகை. பருப்பு, மீன், கறி ஒன்று. எண்ணெயும் தேங்காயும் வேறொன்று. ஒவ்வொரு வகையிலும் நாளைக்கு இத்தனை பங்கு. அந்த வகைக்குள் ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். வகை தாண்டி மாற்றக் கூடாது.

கொசுறு வாங்காமல் காய்க்கடையை விட்டு நகராதவரல்லவா நீங்கள்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டீர்கள்.

"ஒரு இட்லிய விட்டா என்ன தருவீங்க?"

"சின்னதா ஒரு தோசை."

"அரை வாழப்பழத்துக்கு?"

"ஒரு கொய்யா."

"முழுசாவா? அப்ப கொய்யாவே குடுங்க. வாழப்பழத்துல நமக்கு நட்டம்."

சிஸ்டர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்.

உடம்பு இறங்கத் தொடங்கிய சமயம், கீழக்குயில்குடியில் உங்கள் தாய்மாமன் வீட்டில் கிடாவெட்டு. காலையில் பருப்பும் சட்னியும் தொடாமல், அந்தப் பங்குகளைக் கறிக்கும் அதிலுள்ள எண்ணெய்க்குமென்று மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். இலையில் கறியும் அளவு, சோறும் அளவு. மாமா சோற்று வாளியோடு வந்து நின்றார்.

"எங்க வீட்டுச் சோறு எறங்கலையோ? இம்புட்டு மெலிஞ்சு கெடக்க. புகுந்த வீட்டுல சோறு போடுறாகளா இல்லையான்னு ஊரே கேக்குது."

பக்கத்து இலையில் நாத்தனார் நான். எனக்குத் தலை நிமிரவில்லை.

"போடுங்க மாமா. ஆனா ராத்திரிக்கு எனக்குன்னு உள்ள இட்லிய நீங்கதான் வந்து திங்கணும். எங்க வீட்டுல சோறெல்லாம் போடுவாக. மாத்துக் கணக்குதான் எனக்கு."

"இட்லிக்குத் தொட்டுக்க என்ன?" என்றார் மாமா. பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "வயித்தக் கிழிக்கணுமாம் மாமா. எட கொறஞ்சாத்தான் செய்வாகளாம். எனக்குப் பயமா இருக்கு."

அத்தனை நாள் கூடவே இருந்தும், நீங்கள் பயந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமா வாளியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு குழம்போடு வந்தவர்களையெல்லாம், "ஏய், எம் மருமகளுக்கு ஊத்தாத!" என்று அவரே விரட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வருடம் அழகர்கோவில் மலையில் நீங்கள் முன்னால் ஏறினீர்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பேரன் பேத்தி கண்டு, நிறைய வருடம் இருந்துவிட்டுத்தான் போனீர்கள்.

போன மாதம் என் மகளை எடை குறைக்கச் சொன்னார் டாக்டர். வீட்டுக்கு வந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அறிவுரை நாக்கு நுனி வரை வந்தது, மதினி. விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்காடி?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்திருந்தாள். பிறகு தட்டைத் தானே இழுத்து வைத்துக்கொண்டாள்.