அல்பிரட் பிடித்த முயல்

பாரிஸ், லா சப்பல்
18.9.1988

அன்புள்ள மேரிறோசுக்கு,

நான் இங்கே சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகமென்று எழுதத் துணிவு வரவில்லை. பிள்ளைக்குச் சின்னமுத்து அம்மை போட்டு, கண் இரண்டும் வீங்கி ஒட்டிக் கிடக்கின்றன என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் எழுதினாய். அதன் பிறகு கடிதமே இல்லை. ஊரடங்கில் தபால் முடங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு வில்லியே லே பெல்லில் ஒரு முயல் பிடித்தேன். சிரிக்காதே. ஊரில் நாயோடு ஓடியும் முயலின் வாலைக்கூடத் தொடாதவன், இங்கே வயலோரத்தில் சும்மா குனிந்து தூக்கினேன். கறிக்கென்று பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். அறைக்கு வந்துதான் முகத்தைப் பார்த்தேன். கண்கள் வீங்கிச் சீழ் பிடித்து மூடியிருந்தன.

என்னோடு தங்கியிருக்கும் அருட்பிரகாசம் அண்ணை கத்தியைப் பறித்துவிட்டார். அம்மாள் வந்த சீவனை அறுக்கிறதோ, இனி இஞ்சை மீன், இறைச்சி எண்டு மச்சமே சமைக்கேலாது என்றார். வேப்பிலைக்கு இங்கே எங்கே போவது? ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள தமிழ்க்கடையில் கறிவேப்பிலை வாங்கிவந்து பெட்டியில் பரப்பினார். மாதாவைக் கும்பிடும் வேதக்காரன் நானும் மறுக்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் பஞ்சை நனைத்து அதன் கண்களைத் துடைத்தேன். இது கண் திறந்தால் என் பிள்ளையும் திறந்திருப்பாள் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை கீழ்வீட்டு ஜெனவியேவ் அம்மா வந்து பார்த்தார். காட்டு முயல்களுக்குள் நுளம்புக் கடியாலும் தெள்ளுப்பூச்சிக் கடியாலும் பரவும் வைரஸ் நோயாம். எங்கள் ஊர் முயலைப் போன்ற பெரிய சாதிக்கு அருமையாக, எப்போதாவதுதான் தொற்றுமாம். மனிதருக்கு வராதாம். வந்த முயல் பிழைப்பது கடினமாம். கறிவேப்பிலை எதற்கு என்றும் கேட்டார். அதை விளக்க என் பிரெஞ்சு போதவில்லை.

வியாழன் காலை முயல் செத்துவிட்டது. அதன் நோய் வேறு, பிள்ளையின் நோய் வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேலைக்குப் போகாமல் பெட்டியருகே குந்தியிருந்து அழுதேன். அண்ணை இன்னும் மச்சம் சமைக்க விடவில்லை. உன் கடிதம் வரும்வரை மரக்கறிதானாம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் பிள்ளையின் பெயரை, அற்புதமலர் என்று பென்சிலால் மெல்லியதாக எழுதியிருக்கிறேன். அதன் மேலேயே அவளைப் பேனையால் எழுதச் சொல். கோட்டைவிட்டு விலகினாலும் பரவாயில்லை. நீ மட்டும் அவள் கையைப் பிடித்து எழுதுவிக்காதே; அவளே கண்ணால் பார்த்து எழுதட்டும். அவளால் முடியாவிட்டால், தாளை அப்படியே திருப்பி அனுப்பு. நான் விளங்கிக்கொள்வேன்.

மாதா உங்கள் இருவரோடும் இருப்பாராக.

உன்,
அல்பிரட்