நடக்காத கூட்டங்கள்

ஆகஸ்ட் 4, 2025

சென்னீர்குப்பம் சிக்னலில் நின்று நின்று, கல்லூரிக்குள் நுழையும்போதே தலைவலி. பிரின்சிபால் ராஜகுமாரி மேடம் கூப்பிட்டார். அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டமும் கம்ப்யூட்டர் பிரிவும் கைகோத்துப் போனதற்குச் சான்று காட்ட வேண்டுமாம். "ஐ.டி. கமிட்டி மினிட்ஸ் எல்லாம் ரெடி பண்ணிடுங்க சுலைமான்."

எந்தக் கமிட்டி? நான் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒன்று கூடியதே இல்லை, அப்புறம் ஏது கூட்டக் குறிப்பு. சொன்னேன். "அதனாலதான் ரெடி பண்ணச் சொல்றேன்" என்றார்.

ஆகஸ்ட் 7

பேக்கப்புக்குத் தனி சர்வர் கேட்டு மறுபடியும் மெயில் போட்டேன். செயலாளர் ஸ்ரீநாத் சாரிடமிருந்து (சேர்மனின் மாப்பிள்ளை) ஒரே வரி: அடுத்த வருடம் பார்க்கலாம். கேட்டில் பெரிய எல்.இ.டி. திரை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியின் தொலைநோக்கு அதில் ஓடுமாம். வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க் எல்லாம் ஒரே பழைய சர்வரில், வேறு நகலே இல்லாமல் கிடக்கிறது. யாருக்குக் கவலை.

ஆகஸ்ட் 13

ஐந்து வருடக் கூட்டங்களை இந்த வாரத்தில் தாளிலேயே நடத்தி முடித்தேன். வருடத்துக்கு ஒரு பேனா. எனக்குக் கீழே லேப் டெக்னீஷியனாக இருக்கும் தமிழரசு, பழைய தேதித் தாள்களைப் பழசாகத் தெரிய மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டு எடுத்து வந்தான்.

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே பொறுப்பாளர் என்று ஒரு பெயர் வேண்டும். 'தினசரி பேக்கப்' என்பதற்கு எதிரே தமிழரசு என்று எழுதினேன். என் பெயர் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

"இன்னா பாய், நான் பேக்கப் எடுக்குறேனா? எதுல எடுக்குறேன், டிபன் பாக்ஸ்லயா?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். நான் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

செப்டம்பர் 19

குழு வந்து போய்விட்டது. இவ்வளவு ஒழுங்கான மினிட்ஸை எங்கும் பார்த்ததில்லை என்றாராம் தலைவர். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, எனக்கு நானே ஏன் மறைக்க வேண்டும்.

அக்டோபர் 23

தீபாவளி லீவு முடிந்து சர்வரைப் போட்டோம். வரவில்லை. இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன. இன்டர்னல் மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற வேண்டிய வாரம் இது. யா அல்லாஹ்.

அக்டோபர் 25

அம்பத்தூரில் டிஸ்க்கை மீட்டுத் தருகிறவர்களும் கையை விரித்துவிட்டார்கள். விடைத்தாள் கைவசம் உள்ள பாடங்களுக்கு மறுபடி ஏற்றுகிறோம். இல்லாத பாடங்களுக்கு எல்லாருக்கும் ஒரே மார்க் போடச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள். "படிச்சவளுக்கும் படிக்காதவளுக்கும் ஒண்ணா சார்?" என்றாள்.

அக்டோபர் 30

விசாரணை. ஸ்ரீநாத் சார் முன்னால் நான் கட்டிய மினிட்ஸ் ஃபைல். "ரெக்கார்டுபடி பேக்கப் தமிழரசு பொறுப்பு. எங்க பேக்கப்?"

அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

தமிழரசு என்னைப் பார்த்தான். "பாய், நீ சொல்லு பாய். பேக்கப் எடுக்க மிஷினே கெடையாதுன்னு சொல்லு."

சொன்னால்? மினிட்ஸ் பொய் என்றாகும். குழு கல்லூரிக்குத் தரப்போகும் கிரேடு போகும். எழுதியது யார் என்று கேட்பார்கள். என் வேலை — கரையான்சாவடி ஃபிளாட்டு — மகளின் படிப்பு —

"ரெக்கார்டுல இருக்கறதுதான் சார்" என்றேன்.

என் வாயா அது? எப்படிடா வந்தது உனக்கு?

அக்டோபர் 31

தமிழரசுவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மனைவி அஃப்ஷீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "திங்கக்கெழம போயி உண்மைய சொல்லிடுங்க. வேல போனா போவுது, பாத்துக்கலாம்" என்றாள். சரி என்றேன்.

நவம்பர் 3

சொல்லவில்லை.

நவம்பர் 26

கிரேடு வந்துவிட்டது. நல்ல கிரேடு. திட்டத்தோடு தகவல் தொழில்நுட்பத்தை இணைத்த விதம் முன்மாதிரி என்று அறிக்கையில் தனியாகப் பாராட்டு. ஸ்ரீநாத் சார் என் வாயில் ஒரு மைசூர்பாகு ஊட்டினார். பேக்கப் சர்வருக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்.

மத்தியானம் ஒரு போன். பூந்தமல்லியில் சிசிடிவி கேமரா கடை வைத்திருப்பவர். "தமிழரசுன்னு ஒருத்தர் வேலை கேட்டு வந்துகீறாரு சார். உங்க பேரதான் குடுத்தாரு. ஆளு எப்டி?"

என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறான். நன்றாக வேலை செய்வார் என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு சார் வேலைய விட்டுத் தூக்கினாங்க?"

கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னால் என்ன போய்விடும்? ஒன்றும் போகாது. அது தெரிந்தும், "அது மேனேஜ்மெண்ட் முடிவு சார், நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றேன்.

"புரியுது சார், புரியுது" என்று வைத்துவிட்டார்.

அவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பக் கூப்பிடவில்லை.