முந்தானையில் வைத்த மஞ்சள்

அப்பா,

காஜா பெராங் தெருவில் இருந்த நம் புடவைக் கடையைக் காலி செய்தபோது உங்கள் மஞ்சள் கிண்ணம் அகப்பட்டது. அடியில் காய்ந்து வெடித்திருந்ததை நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று, "வாங்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல, தங்கமான மனுசன்" என்று அழுத பெண்களுக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும்.

உங்களுக்கு எதற்கு வாய்? கோப்பி கொடுப்பீர்கள். பிள்ளைகளுக்கு ரிப்பன் கொடுப்பீர்கள். "அவசரமே இல்ல தங்கச்சி. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா பாருங்க. பிடிக்கலன்னா திருப்பிக் குடுங்க" என்பீர்கள். பிறகு, மங்களத்துக்கு என்று முந்தானை ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து மடித்துக் கொடுப்பீர்கள். மஞ்சள் வைத்த புதுத்துணியைத் திருப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் பெண்கள் பயப்படுவது உங்களுக்குத் தெரியும். சந்தையில் தொண்டை கிழியக் கத்தி விற்கிறவன் உங்களைவிட யோக்கியன்.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டின் தீபாவளி. பத்து பெரெண்டாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர், நீங்கள் கொடுத்தனுப்பிய பச்சைப் புடவையுடன் மறுநாளே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. ஜனவரியில மவள ஸ்கூல்ல போடணும். அந்தக் காசுதான் கையில இருக்கு."

நீங்கள் சிரித்தீர்கள். "அதுக்கென்ன, வச்சுட்டுப் போங்க. மஞ்சள் வச்சது... பரவால்ல, சாமி பாத்துக்கும்."

அவர் கை புடவையை விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அதைப் பிடுங்கினேன். "வெறும் மஞ்சள்தான்க்கா, சோப்புப் போட்டா போயிடும். திருப்பக் கூடாதுன்னுதான் அப்பா வைக்கிறாரு!"

கடையே திரும்பிப் பார்த்தது. உங்கள் முகம் மாறவில்லை.

"எம் பொண்ணே சொல்லிட்டா. குடுத்துட்டுப் போங்கம்மா. ஒரு கோப்பி குடிக்கிறீங்களா?"

"மக இப்படிப் பேசியும் கோவம் வருதா பாரு" என்றாள் ஒருத்தி.

"படிச்ச பொண்ணுல்ல, வாய் காஜாங் டவுன் வரைக்கும் நீளும்" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் அன்று ஆளுக்கொரு புடவை எடுத்தார்கள். என் கோபமும் உங்கள் பெருந்தன்மைக்கு விளம்பரமாகிப்போனது.

அந்த அக்கா கூனிக்குறுகி, பள்ளிக்கு வைத்திருந்த காசை மேசையில் வைத்தார். என் கையிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

அந்த ஜனவரியில் என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினீர்கள். நானும் போனேன். அவர் மகள் பள்ளியில் சேர்ந்தாளா என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. அந்த அளவுக்கு நானும் உங்கள் மகள்தான்.

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மாரிடம் என்னென்ன செலவு வரும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகுதான் உட்காரச் சொல்கிறேன். சிரிக்கத் தெரியாத டீச்சர் என்கிறார்கள். சிரிப்பதற்கு முன் விலையைச் சொல்லிவிட வேண்டும்; உங்களிடமிருந்து நான் எடுத்துவந்த பாடம் அது ஒன்றுதான்.